ஒரு சொல்லைத் திருத்துவதும் மென்பொருள் பணிதான்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. நானுஓயாவைத் தாண்டிப் பதுளைக்குப் போகும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. இந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யுனிகோட் முறையில் கணினி அதைப் பத்துக் குறியீடுகளாகச் சேமிக்கும். சில வேளைகளில் பதினொன்றாகவும் சேமிக்கும். வேறுபாடு ‘பொ’ என்ற எழுத்தில் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் தேடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கையேட்டில் ஒரு விதமாக இருப்பதை வாசகர் மற்ற விதமாகத் தட்டித் தேடினால், ‘கிடைக்கவில்லை’ என்றே பதில் வரும்.

மென்பொருளோடு வரும் கையேடுகளிலும் உதவிப் பக்கங்களிலும் இத்தகைய சிறு பிழைகள் ஏராளம். அவற்றைத் திருத்துவது ஒரு தனிக் கைவேலை. அதற்கெனக் கருவிகளும் ஒழுங்கும் அரை நூற்றாண்டு வரலாறும் உண்டு.

சிறு பிழை என்றாலும் விளைவு பெரிதாகலாம். ‘இந்தக் கட்டளையை இயக்க வேண்டாம்’ என்ற வரியில் கடைசிச் சொற்கள் தவறி ‘இயக்கவும்’ என்று அச்சானால், படிப்பவரின் கோப்புகள் அழிந்துபோகலாம். கட்டளைகளில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிறு கோடுகளைச் சொற்செயலி தானாகவே ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடுவதுண்டு. நேரான மேற்கோள் குறிகளையும் வளைந்தவையாக்கிவிடும். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த வரியை நகலெடுத்து இயக்கினால், கணினி அதை ஏற்காது. பழகியவர் காரணத்தை ஊகித்துவிடுவார். புதிதாகக் கற்கும் மாணவரோ தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோவார். சொற்பிழையால் அதிகம் பாதிக்கப்படுவது கற்றுக்கொள்ள வந்தவரே.

திருத்தம் எப்படிப் பயணிக்கிறது? 1974இல் வெளியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பில் ‘டிஃப்’ என்ற நிரல் வந்தது. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, மாறியுள்ள வரிகளை மட்டும் அது எடுத்துக் காட்டும். 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’, அந்த வேறுபாட்டை வாங்கி மூலக் கோப்பில் பொருத்தும். இந்த இரண்டும் சேர்ந்தபின், முழுக் கையேட்டையும் அனுப்ப வேண்டிய தேவை போயிற்று. பழைய வரியைக் கழித்தல் குறியோடும் புதிய வரியைக் கூட்டல் குறியோடும் அனுப்பினால் போதும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்ற விவரத்தோடு பதிந்துவைக்கிறது. லினக்ஸ் இயங்குதளக் கருநிரலின் கையேடுகள் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆகவே ஓர் எழுத்தைத் திருத்தியவரின் பெயரும் நிரல் எழுதியவர்களின் பெயர்களோடு அதே வரலாற்றில் நிற்கும்.

இந்த வேலைக்கு முதல் விதி: ஒரு திருத்தத்தில் ஒரே வகை மாற்றம். களை பிடுங்கப் போனவர் கூடவே கவ்வாத்தும் வெட்டிவிட்டு வந்தால், எது நடந்தது என்று யாராலும் சரிபார்க்க முடியாது. எழுத்துப்பிழையைத் திருத்துபவர் அந்தப் பத்தியின் நடையையும் மாற்றிவிட்டால் கதை அதுதான்.

சிறு பிழையை மதிப்பதில் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் முன்மாதிரி. தன் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2.56 டொலர் தருவதாக அறிவித்தார். அச்சுப்பிழைக்கும் இதே தொகைதான். 2.56 டொலர் என்றால் 256 சதம்; பதினாறடிமான எண்முறையில் அது 100 என்று எழுதப்படும். அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தார்கள்.

எல்லாப் பிழையும் திருத்தத்தக்கது என்றும் எண்ணிவிடக் கூடாது. நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதை இணையத் தளத்துக்குத் தெரிவிக்கும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்புப் புலம் இருக்கிறது. வலைப்பக்கங்களைப் பரிமாறும் எச்டிடிபி நெறிமுறைக்கு 1996இல் வெளியான ஆவணத்தில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் ‘ஆர்’ விடுபட்டிருந்தது. அதற்குள் உலாவிகளும் சேவையகங்களும் அந்தப் பிழையான வடிவத்தையே பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இன்று அதைத் திருத்தினால் இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போகும். ஆகவே பிழை நிலைத்துவிட்டது. 1999ஆம் ஆண்டு ஆவணம் அதைப் பிழையென்று குறிப்பிட்டே தொடர்ந்தது. நிரல் படிக்கும் பெயர் வேறு, மனிதர் படிக்கும் விளக்கம் வேறு. திருத்துபவர் கைவைக்க வேண்டியது பின்னதில்தான்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தையும் அதன் தமிழ் வடிவத்தையும் இணை இணையாகப் பட்டியலிடும் ‘கெட்டெக்ஸ்ட்’ முறையைப் பல கட்டற்ற மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. மூல ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், கோப்பைப் புதுப்பிக்கையில் தமிழ் வரி ‘ஐயத்துக்குரியது’ என்று குறியிடப்படும். யாராவது சரிபார்த்து அந்தக் குறியை நீக்கும்வரை, தமிழுக்குப் பதிலாகத் திரையில் ஆங்கிலமே தோன்றும். ஆங்கிலத்தில் செய்யும் நல்ல திருத்தம் பல மொழிகளில் வேலையைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் க்னோம் போன்ற திட்டங்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு வாக்கியங்களை மாற்றக் கூடாது என்று ஒரு காலத்தை ஒதுக்குகின்றன.

தமிழ் வரியைத் திருத்தும்போது, சதவீதக் குறியோடு வரும் இடங்களைச் சிதைக்காமல் விட வேண்டும். மென்பொருள் அங்கேதான் கோப்பின் பெயரையோ எண்ணையோ இட்டு நிரப்பும். இலங்கையில் நாம் ‘புகையிரதம்’ என்போம், தமிழ்நாட்டில் ‘ரயில்’ என்பார்கள். இது வழக்கு வேறுபாடு, பிழை ஆகாது. அந்தத் திட்டம் எந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறதோ அதையே பின்பற்றுவது முறை.

பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், கேடிஇ, க்னோம் எல்லாம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் பேசுகின்றன. இவற்றில் பிழையைத் திருத்தப் பட்டமோ பெரிய கணினியோ தேவையில்லை. உன்னிப்பாகப் படிக்கும் பழக்கமும் இரண்டு மொழிகளில் ஓரளவு பயிற்சியும் இருந்தால் போதும். மலையகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி, தங்கைகளே, கையேட்டில் ஒரு பிழை கண்ணில் பட்டால் கடந்துபோய்விடாதீர்கள். புதிய பதிப்பில் அது முன்பே திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பிழையான வரியை அப்படியே எடுத்தெழுதி, சரியான வரியையும் காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உங்களுக்குப் பின்னால் அதே பக்கத்தைத் திறக்கும் பிள்ளை தடுமாறாமல் படிக்கட்டும்.