ஆலைக் கருவிகளின் உணவும் உரையும்

சென்னையினின்று கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கும்மிடிப்பூண்டியை அணுகுங்கால் சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்பர். இரும்பை உருக்கும் உலைகளும் இரசாயனச் சாலைகளும் அங்கே உள. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் வடசென்னை அனல்மின் நிலையமும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரினின்று பிரித்தெடுப்பதற்காகக் காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நிலையமும் உள்ளன. இத்தகைய இடங்களில் உலையின் வெப்பத்தையும் குழாயின் அழுத்தத்தையும் மனிதன் அருகே நின்று அளந்துகொண்டிருத்தல் இயலாது. கருவிகள் அளக்கின்றன, கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் அவற்றின் சொல்லை நம்பி நடக்கின்றனர். அச்சொல் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கருவி தொழில் செய்வதற்கு மின்சாரமாகிய உணவு வேண்டும். அளந்ததை அறிவிப்பதற்கு உரை வேண்டும். இரண்டையும் ஓரிணைக் கம்பியிலேயே செலுத்துவது நெடுநாள் வழக்கம். பழைய முறையில், அளவு மிகக் குறைந்துள்ளபோது 4 மில்லியாம்பியரும் மிக உயர்ந்துள்ளபோது 20 மில்லியாம்பியரும் கம்பியில் ஓடும். சூனியத்தைக் குறிக்க மின்னோட்டமே இல்லாதிருத்தல் போதாதோ எனின், போதாது. கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் இராதன்றோ? 'அழுத்தம் இல்லை' என்று கருவி கூறுவதற்கும், கருவியே மாண்டு கிடப்பதற்கும் வேறுபாடு தெரிதல் வேண்டும். அன்றியும், அந்த 4 மில்லியாம்பியருக்குள்ளேயே கருவி தன் உணவையும் பெற்றுக்கொள்கின்றது. பல ஆலைகளில் இம்முறை இன்றும் நிலவுகின்றது.

ஆயினும், கருவி ஒவ்வொன்றிற்கும் தனி இணைக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. ஆதலின் பல கருவிகள் ஓரிணைக் கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும் 'பீல்டுபஸ்' என்னும் முறை எழுந்தது. இதன் ஒரு வகையில், நொடிக்கு 31,250 குறிகள் என்னும் வேகத்தில் செய்தி செல்லும். உணவாகிய நேர்மின்னோட்டத்தின்மேல், ஏறக்குறைய ஒரு வோல்ட்டு அளவுள்ள சிற்றலையாக உரை தவழ்கின்றது. அவைத்தலைவர் போன்ற ஒரு கருவி முறைவைத்து அழைக்க, மற்றவை ஒவ்வொன்றாய்ப் பேசும்.

இங்கேதான் மின்வழங்கும் பெட்டியின் அருமை விளங்குகின்றது. சாதாரண மின்வழங்கி தன் மின்னழுத்தத்தைச் சிறிதும் அசையவிடாது காக்கும் இயல்பினது. உரையோ அவ்வசைவேயாகும். வகுப்பில் அமைதி ஒன்றையே விரும்பும் ஆசிரியர் மாணவன் கூறும் விடையையும் அடக்கிவிடுதல்போல, அம்மின்வழங்கி செய்தியையும் விழுங்கிவிடும். ஆகவே, நேர்மின்னோட்டத்தைத் தாராளமாய் விட்டு, விரைந்த அலையைத் தடுக்கும் கம்பிச் சுருளோ அதனையொத்த மின்னணு அமைப்போ இடையே வைக்கப்படுகின்றது. கம்பியின் இரு முனைகளிலும், 100 ஓம் தடையும் ஒரு மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்ந்த முடிப்பு ஒவ்வொன்று வேண்டும். ஒன்று குறைந்தால், வெறுங்கூடத்தில் எழும் எதிரொலிபோல் அலை திரும்பிவந்து உரையைக் குழப்பும். ஒன்று கூடினால் உரை மெலியும்.

உணவின் கணக்கையும் பார்ப்போம். கருவிக்கு 9 வோல்ட்டேனும் கிட்டவேண்டும். 24 வோல்ட்டு வழங்கும் பெட்டியினின்று ஒரு கிலோமீட்டர் தொலைவில் 12 கருவிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 20 மில்லியாம்பியர் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 மில்லியாம்பியர். போக்கும் வரவுமாகக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 44 ஓம் எனின், வழியில் இழப்பது சுமார் 10.6 வோல்ட்டு, எஞ்சுவது 13.4. குறைவில்லை. தொலைவு ஒன்றரைக் கிலோமீட்டராயின் எஞ்சுவது 8.2 வோல்ட்டே, கருவிகள் பட்டினியால் ஊமையாகும். இவ்வகைக் கம்பிக்கு 1,900 மீட்டர் வரை விதி இடந்தருமேனும், உணவின் கணக்கு அதற்கு முன்னரே தடுத்துவிடலாம்.

சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. தனிக் கம்பி பழுதுற்றால் ஒரு கருவி மட்டுமே வாயடைக்கும்; பொதுப் பெட்டி பழுதுற்றால் பன்னிரண்டும் ஒருங்கே வாயடைக்கும். ஆதலின் பெட்டிகளை இரட்டையாய் அமைத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றது தாங்குமாறும், வீழ்ந்ததை உடனே மணியடித்து அறிவிக்குமாறும் செய்தல் நன்று. அறிவிப்பு இல்லையேல், இரட்டை ஒற்றையானது ஒருவருக்கும் தெரியாமலே நாள்கள் கழியும். கிளைக் கம்பிகளிலும் மின்னோட்டத்திற்கு வரம்பிடல் வேண்டும். ஒரு கிளையில் நேரும் குறுக்குத் தொடர்பு மற்றவற்றைக் கெடுத்தல் ஆகாது. எரிவாயு பரவக்கூடிய இடமாயின், பொறியொன்று தீயை மூட்ட இயலாத அளவிற்கு ஆற்றலையே குறைத்து வழங்குவர்.

2021-இல் வெளிவந்த 'ஈதர்நெட் ஏபிஎல்' என்னும் புதுமுறை நொடிக்கு ஒரு கோடிக் குறிகளைச் செலுத்த வல்லது. அதிலும் உணவும் உரையும் செல்வது அதே இரு கம்பிகளில்தான். வேகம் மாறினும் அடிப்படை மாறவில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிய, மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனை சேர்ந்தனர். ஆலையின் மதிலுக்கு வெளியே உறங்குவோர்க்கும், உள்ளே கருவிகள் காலத்தில் உண்மை கூறுதல் உயிர்க்காப்பு என்பதை அவ்விரவு உணர்த்திற்று. நம் மாணவருட் சிலர் இவ்வாலைகளில் பணியேற்கச் செல்லக்கூடும். அவர்கள் அளக்கும் கருவியை மட்டும் வியந்து நின்றுவிடாது, மூலையில் ஓசையின்றி நின்று அதற்கு உணவூட்டும் சிறு பெட்டியையும் காலந்தோறும் சோதித்து வருவாராக.