வண்டியை ஒப்படைக்கும் கலை

மெக்சிகோவின் வடமேற்கு ஓரத்தில், ஒருபுறம் பசிபிக் பெருங்கடலும் மறுபுறம் கலிபோர்னியா வளைகுடாவும் அணைக்க, 1,200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது பாஹா கலிபோர்னியா தீபகற்பம். கள்ளிக்காடு, பாறை, வறண்ட ஓடைப் படுகை, மாவு போன்ற புழுதி என்பதுதான் அதன் பெரும்பகுதி. 1967இல் அங்கே தொடங்கிய பாஹா 1000 பந்தயம், பாலைவன ஓட்டங்களில் உலகப் புகழ் பெற்றது. பைக், கார், பெரிய டிரக் எல்லாம் ஒரே தடத்தில் ஓடும். இரவு தங்கி மறுநாள் தொடரும் ஏற்பாடு கிடையாது. புறப்பட்டதிலிருந்து முடிவுக்கோடு வரை கடிகாரம் நிற்காது. சில ஆண்டுகளில் என்செனாடா நகரில் தொடங்கி அங்கேயே திரும்பும். சில ஆண்டுகளில் தெற்கே லா பாஸ் வரை சென்று 1,000 மைலைத் தாண்டும், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பந்தயத்தின் படங்களில் நாம் பார்ப்பது புழுதியைக் கிழித்துக்கொண்டு போகும் ஒற்றை மனிதரை. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அந்த ஒற்றை மனிதரின் துணிச்சல் மட்டும்தானா? போட்டி உண்மையில் அணிகளுக்கு இடையே நடக்கிறது என்பதும், ஓர் அணியின் தரத்தை அளக்க வேண்டியது அது வண்டியை அடுத்தவர் கையில் எந்த நிலையில் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் என்பதும் என் வாதம்.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1962இல் டேவ் எக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரு அமெரிக்கர்கள் ஹோண்டாவின் 250 சிசி பைக்குகளில் டிஹுவானாவிலிருந்து லா பாஸுக்குப் புறப்பட்டார்கள். தீபகற்பம் முழுவதற்கும் தார்ச்சாலை வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் தந்தி அலுவலக முத்திரையே சாட்சி. எக்கின்ஸ் 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். அது தனிமனித சாகசத்தின் காலம். ஐந்தே ஆண்டுகளில் பந்தயமாக மாறியபோது, பைக்குகளில் முதலில் வந்தவர்கள் ஒரே ஹஸ்க்வர்னா வண்டியைப் பகிர்ந்துகொண்ட ஜே.என். ராபர்ட்ஸும் மால்கம் ஸ்மித்தும். பாதி வழியை ஒருவர், மீதியை மற்றவர் ஓட்டினார்கள். இருவருமே தனியாக ஓட்டத் தெரியாதவர்கள் அல்ல. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த பாலைவன வீரர்கள். அவர்களே வண்டியைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது, பந்தயத்தின் இயல்பு முதல் ஆண்டிலேயே புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இன்று முன்னணி அணிகளில் ஒரே பைக்கை மூவரோ நால்வரோ, சில சமயம் அதற்கு மேற்பட்டவர்களோ மாறி மாறி ஓட்டுகிறார்கள்.

களைப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. பாஹாவில் பந்தயத்துக்கு முன்பே தடத்தில் ஓட்டிப் பழக அனுமதி உண்டு. அணிகள் வாரக்கணக்கில் அங்கே தங்கி, எந்த மேட்டுக்கு அப்பால் பள்ளம், எந்தத் திருப்பத்தில் பாறை, எந்தப் புழுதிக்கடியில் வண்டித்தடம் என்று ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைக்கின்றன. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது கண்ணால் பார்த்துப் பிறகு முடிவெடுக்க நேரம் இருக்காது, மனப்பாடம்தான் காப்பாற்றும். முழுத் தடத்தையும் ஒரு மனிதர் அவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். அதில் நான்கில் ஒரு பங்கை வைத்துக்கொள்ள முடியும். ஆகவே அணி தடத்தைத் துண்டுபோட்டு, சான் ஃபெலிபே பக்கத்து அலையலையான மணல்மேடுகளை உடல்வலு மிக்கவருக்கும், மலைப்பாதையை நிதானமானவருக்கும், இருட்டுப் பகுதியை இரவில் ஓட்டிப் பழகியவருக்கும் தருகிறது. ஒவ்வொருவரும் தம் துண்டையே மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் தடம் முழுவதும் ஒரு தலைக்குள் இல்லாமல் நான்கு தலைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் நான்கு பேருக்கும் வண்டி ஒன்றுதான். பாஹா அணிகளின் வேலையைப் புரிந்துகொள்ள இதைக் கவனிக்க வேண்டும். ஹேண்டில்பார் எந்த உயரத்தில், ஷாக் அப்சார்பர் எவ்வளவு இறுக்கத்தில் என்பதெல்லாம் ஓட்டுபவரின் உயரத்தையும் எடையையும் பொறுத்தவை. ஒருவருக்குக் கச்சிதமாக அமைத்தால் இன்னொருவருக்கு இடிக்கும். எனவே எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, யாருக்கும் முழுதாகப் பொருந்தாத ஆனால் எல்லோரும் ஓட்டக்கூடிய ஓர் அமைப்பை ஏற்கிறார்கள். அதைவிடப் பெரிய விட்டுக்கொடுத்தல் ஓட்டும் முறையில் இருக்கிறது. முதல் துண்டை ஓட்டுபவர் தம் பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த கிளட்சைத் தீய்த்துவிட்டால், ரிம்மை நெளித்துவிட்டால், அந்தக் கடனை இரவில் காத்திருப்பவர் அடைக்க வேண்டும். விழுந்து வண்டியை உடைத்துவிட்டாலோ, வாரக்கணக்கில் பழகிய மற்றவர்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமலே பந்தயம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பைக்கை நாம் எப்படிப் பெட்ரோல் போட்டுத் துடைத்துத் திருப்பித் தருவோமோ, அந்த மனநிலையோடுதான் அவர்கள் முழு வேகத்தில் ஓட்டியாக வேண்டும். கைமாற்றும்போது பேசக் கிடைப்பதும் சில விநாடிகளே. பின் பிரேக் தளர்ந்திருக்கிறது, விளக்கு சற்று மேலே அடிக்கிறது என்ற இரண்டு உண்மையான வாக்கியங்கள் அடுத்தவரின் உயிரைக் காக்கும். தம் தவறால் நேர்ந்த பழுதை மறைக்கும் கெட்டிக்காரரைவிட, அதை உடனே சொல்லிவிடும் நடுத்தர வீரர் அணிக்குப் பயன்படுவார்.

கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு கூட்டமும் இந்தப் பந்தயத்தை ஓடுகிறது. பைக்கின் டேங்க் முழுத் தூரத்துக்கும் போதாது; வழிநெடுக பெட்ரோல் நிரப்ப வேண்டும், புழுதி அடைத்த ஏர் ஃபில்டரையும் தேய்ந்த பின் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், பொழுது சாய்வதற்குள் பெரிய விளக்குகளைப் பொருத்த வேண்டும். இதற்காக உதவி வண்டிகள் நெடுஞ்சாலை வழியாகப் பாய்ந்து சென்று, தடம் சாலையைத் தொடும் இடங்களில் காத்திருக்கும். அந்தச் சாலை பல இடங்களில் குறுகலானது. இரவில் மாடுகள் குறுக்கே வரும். ஒரு நாளுக்கு மேல் கண்ணயராமல் ஓட்டும் உதவிக் குழுவினருக்கும் ஆபத்து குறைவில்லை. அவர்கள் அரை மணி தாமதமாக வந்தால் அந்த அரை மணியும் பைக்கின் கணக்கில்தான் ஏறும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒரே வண்டியைப் பலர் ஓட்டும் பந்தயத்தில் அணி முக்கியம் என்பது வெளிப்படை; ஒருவரே கடைசிவரை ஓட்டும் இடத்தில் இந்த வாதம் நிற்குமா? டக்கார் ராலியை எடுத்துக்கொள்வோம். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டு, பிறகு தென் அமெரிக்காவுக்குப் போய், 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கும் இந்த ஓட்டத்தில், இரண்டு வாரமும் ஒரு பைக்கை ஒருவரே ஓட்ட வேண்டும். தடத்தை முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது. இருந்தும் பெரிய அணிகள் தங்கள் முதல்நிலை வீரருக்குத் துணையாக இன்னொருவரை ஓடவிடுகின்றன; சக்கரமோ உதிரி பாகமோ தேவைப்பட்டால் அவர் தம் வண்டியிலிருந்து கழற்றித் தருவார். சிரில் டெஸ்ப்ரேவுக்கு அப்படித் துணையாக ஓடிய ரூபன் ஃபாரியா, 2013இல் அவருக்கு அடுத்து இரண்டாமிடத்தில் முடித்தார். 2015இல் பொலிவியாவின் உயூனி உப்புவெளியில் உப்புநீர் புகுந்து ஜோன் பரேதாவின் ஹோண்டா நின்றுபோனபோது, சக வீரர் ஹெரேமியாஸ் இஸ்ரேல் தம் பைக்கில் கட்டி இழுத்து அவரைக் கொண்டுசேர்த்தார். மெக்கானிக்குகள் தொடக்கூடாத மாரத்தான் கட்டங்களில் வீரர்களே ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, வண்டி கைமாறாத இடத்திலும் உழைப்பும் பாகங்களும் வாய்ப்பும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

அப்படியானால் பாஹாவிலேயே முழுத் தூரத்தையும் தனியாக ஓட்டும் அயர்ன்மேன் பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த மனஉறுதிக்கு என் வணக்கம். ஆனால் அவர்களுக்கும் பெட்ரோல் ஊற்ற ஒருவர், விளக்கு மாட்ட ஒருவர், தூக்கம் தள்ளும்போது இதற்குமேல் ஓட்டாதே என்று தடுக்க ஒருவர் வேண்டும். ஒட்டுமொத்த முதலிடம் முறைவைத்து ஓட்டும் அணிகளுக்கே வழக்கமாகப் போகிறது. தனி ஓட்டம் மனித எல்லையைச் சோதிக்கும் பெரும் செயல். பந்தயத்தின் விதியை அது மாற்றவில்லை.

இன்னும் கடினமான கேள்வி பணத்தைப் பற்றியது. அணி, அணி என்று புகழ்வதெல்லாம் கம்பெனிப் பணத்தைப் புகழ்வதுதானே? இதில் உண்மை இருக்கிறது. கவாசாகியும் அதன்பின் ஹோண்டாவும் பாஹாவில் நீண்டகாலம் கோலோச்சியதில் பணத்துக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் எதை வாங்கியது என்று பார்க்க வேண்டும். ஹோண்டாவில் 11 முறை ஒட்டுமொத்த பைக் வெற்றியில் பங்குபெற்ற ஜானி கேம்ப்பெல், ஓட்டுவதைக் குறைத்தபின் அணி நடத்தினார். அந்த அணியும் வென்றது. தடத்தை எப்படிப் பங்கிடுவது, யாரை எங்கே நிறுத்துவது என்ற அனுபவம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போனது. அதுவும் ஓர் ஒப்படைப்புதான். மறுபக்கம், சம்பளம் வாங்காத எளிய வீரர்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஓடும் பிரிவுகளும் அங்கே உண்டு. தன்னார்வலர்கள் நடத்தும் பொதுவான பெட்ரோல் முகாம்களைப் பல அணிகள் சேர்ந்து பயன்படுத்துகின்றன. தனியாக யாராலும் தாங்க முடியாத செலவைச் சேர்ந்து தாங்கவைப்பதும் அணி என்ற ஏற்பாடுதான்.

மிகக் கனமான மறுப்பு உயிர் பற்றியது. பத்துப் பேரின் உழைப்பைத் தோளில் சுமப்பவர், எல்லோருக்காகவும் என்று எல்லை மீற மாட்டாரா? 2013 பாஹா 1000இல் கேடிஎம் அணிக்காக முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கர்ட் கசெல்லி உயிரிழந்தார். 2020 டக்காரில் இந்திய நிறுவனமான ஹீரோவின் அணியில் ஓடிய பாவ்லோ கொன்சால்வ்ஸ் விபத்தில் இறந்தார். இந்த இழப்புகளை எந்த வாதமும் ஈடுசெய்யாது. அணி வீரரைத் தள்ளவும் செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தடுக்கும் வலிமையும் அணிக்கே இருக்கிறது. கசெல்லியின் பெயரில் வீரர்களின் பாதுகாப்புக்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கியது. கொன்சால்வ்ஸ் இறந்ததும் ஹீரோ அணி அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே விலகியது. அதே கொன்சால்வ்ஸ் 2016இல் வெற்றிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, கால் முறிந்து கிடந்த மத்தியாஸ் வால்க்னர் என்ற எதிரணி வீரருக்காக வண்டியை நிறுத்தினார்; அவர் இழந்த நேரத்தை அமைப்பாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். விழுந்தவருக்காக நிற்பவர் அதற்காகத் தோற்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. பாலைவனத்தில் எதிரணியும் ஓரளவுக்கு நம் அணிதான் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம், இந்த விளையாட்டு நமக்கும் தூரமானதாக இல்லை என்பதுதான். 2015இல் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் டக்காரை முடித்த முதல் இந்தியரானார். 2022இல் ஜோவாகிம் ரோட்ரிகெஸ் ஹீரோவுக்கு ஒரு கட்ட வெற்றியைத் தந்தார். 2024இல் அதே அணியின் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டு, ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ்ஸும் பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணியில் கேரளத்தின் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். இந்தப் பெயர்களைப் பார்த்துப் பல இளைஞர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். துணிச்சலை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது அவர்களிடம் ஏராளம். வண்டியின் குறையை மறைக்காமல் சொல்வதையும், தமக்குப் பிறகு ஓட்டுபவருக்காகக் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதையும், விழுந்தவருக்காக நிற்பதையும்தான் பயிற்சி முகாம்கள் முதல் பாடமாகக் கற்றுத்தர வேண்டும். வெற்றிப் பட்டியலில் ஓட்டியவரோடு நின்றுவிடாமல், சக்கரம் மாற்றியவரின் பெயரையும் அச்சிடும் பழக்கம் வந்தால், அந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் மனதில் பதியும்.