மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால்

கர்ப்பம் உறுதியான அன்றைக்கே, அதுவரை சாப்பிட்டுவந்த பதற்ற மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டுவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்பதில்லை. சிலர் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்த விஷயம் புகுந்த வீட்டுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், பிரசவமாகித் தாய் வீட்டில் தூக்கமில்லாமல் தவிக்கும் மகளுக்கு, அப்பாவுக்காக வாங்கி வைத்திருக்கும் அல்பிரசோலத்தில் பாதியை உடைத்துக் கொடுக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்வதுதான். ஆனால் மருந்தால் வரும் கேட்டைவிட, இப்படி யாரிடமும் கேட்காமல் நிறுத்துவதாலும் விழுங்குவதாலும் வரும் கேடு பல நேரம் பெரிது.

பதற்றம் கர்ப்பிணிகளிடம் அரிதான நோய் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் ஏழு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு, நோய் என்றே சொல்லத்தக்க அளவுக்குப் பதற்றம் இருப்பது தெரியவந்திருக்கிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். குழந்தை அசையவில்லையோ என்று இரவெல்லாம் வயிற்றில் கை வைத்தபடி விழித்திருப்பார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் நம்ப முடியாமல் இன்னொரு சென்டருக்கு ஓடுவார்கள். ‘மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். லேசான கவலைக்கு அந்த ஆறுதல் போதும். சாப்பாடும் தூக்கமும் கெடுகிற அளவுக்குப் போனால் அதற்கு வைத்தியம் வேண்டும்.

அந்த வைத்தியத்தில் வரும் மருந்துகளைப் பெரும்பாலோர் ‘நரம்பு மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் இவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. முதலாவது பென்சோடயசெபின்கள்: அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோச் நிறுவனத்தில் கண்டறிந்த லிப்ரியம் 1960-இலும், வேலியம் 1963-இலும் சந்தைக்கு வந்ததிலிருந்து உலகெங்கும் பரவிய மருந்துகள் இவை. விழுங்கிச் சற்று நேரத்தில் மனதை அடக்கும். தொடர்ந்து எடுத்தால் உடம்பு இவற்றுக்குப் பழகிவிடும். இரண்டாவது, செரோட்டோனின் மேல் வேலை செய்யும் மருந்துகள்: செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்செடின், பராக்செடின். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இவையே. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நம் ஊரில் எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தே வருகின்றன. ஒரு மாத்திரைதானே என்று நினைப்பவர், இரண்டு குடும்பத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது முதல் வேலை.

கர்ப்பத்தில் மனதுக்கான மருந்து என்றாலே வரும் பயத்துக்கு நியாயமான வரலாறு இருக்கிறது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் ஏற்றது, மிகவும் பாதுகாப்பானது என்றார்கள். டாக்டர் சீட்டே இல்லாமல் கிடைத்தது. மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், கை கால் வளராமலும் உள்ளுறுப்புகள் பழுதாகியும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, போதிய ஆதாரம் இல்லை என்று அனுமதி தராமல் உறுதியாக நின்றதால் அந்த நாடு பெருமளவு தப்பித்தது. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் மருந்துச் சட்டங்கள் உலகம் முழுக்க இறுகின.

அதன் இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கர்ப்பிணிகளை மருந்துப் பரிசோதனைகளில் சேர்ப்பது ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் இன்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும், மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்த தகவல்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து எடுத்த பெண்ணுக்கு நோயும் இருக்கிறது. தூக்கமின்மை, சரியாகச் சாப்பிடாதது, சில நாடுகளில் புகையும் மதுவும் கூடவே இருக்கின்றன. குழந்தைக்கு வந்த குறை மருந்தாலா நோயாலா என்று பிரிப்பது கடினம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எண்களைப் பார்க்க வேண்டும்.

பென்சோடயசெபின்களில் இருந்து தொடங்கலாம். 1970-களின் நடுவில், டயசெபாம் எடுத்த தாய்மாருக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு குழந்தை பிறப்பது கூடுகிறது என்று செய்திகள் வந்தன. 1998-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்த அலசல் வெளியானது. ஒருவகை ஆய்வுகளில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இன்னொரு வகையில் பிளவுக்கான வாய்ப்பு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது. ‘இரு மடங்கு’ என்றதும் அடிவயிறு கலங்கும். ஆனால் பிளவு என்பதே ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. அது இரு மடங்கானாலும் 1,000-இல் இரண்டு. 998 குழந்தைகளுக்கு வராது. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிலும் 100-க்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதாவதொரு பிறவிக் குறை இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல நம் புறநோயாளிப் பிரிவுகளில் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் ‘எல்லாத்தையும் நிறுத்திடுங்கம்மா’ என்ற ஒற்றை வரியோடு பல பெண்கள் வீடு திரும்புகிறார்கள்.

கருச்சிதைவு விஷயத்தில் எச்சரிக்கை கொஞ்சம் பலமானது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆரம்ப மாதங்களில் பென்சோடயசெபின் எடுத்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதல் என்று கண்டது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம் என்று சொல்ல அது போதும் என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது கடைசி மாதங்கள். பென்சோடயசெபின் நஞ்சுக்கொடியைச் சுலபமாகக் கடந்துவிடும். டயசெபாமில் பாதி வெளியேறப் பெரியவர்களுக்கே ஒன்றிரண்டு நாள் ஆகும். அது உடைந்து உண்டாகும் பொருள் அதைவிட நீண்ட நாள் உடம்பில் தங்கும். பிறந்த குழந்தையின் ஈரலுக்கு அதை வெளியேற்றும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. தாய் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் தொடர்ந்து எடுத்திருந்தால், குழந்தை கை கால் துவண்டு, உடம்பு சில்லிட்டு, பால் இழுக்கத் தெம்பில்லாமல், சில சமயம் மூச்சும் மந்தமாகப் பிறக்கலாம். வேறு சில குழந்தைகளுக்கு மருந்து திடீரென நின்றுபோனதால் நடுக்கம், எரிச்சல், ஓயாத அழுகை சில நாட்களிலோ வாரங்களிலோ வரும். இவை பெரும்பாலும் சரியாகிவிடக் கூடியவை. ஆனால் பிரசவம் பார்ப்பவருக்கும் குழந்தை டாக்டருக்கும் தாய் என்ன எடுத்தாள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கிருமித்தொற்றா, மூளைப் பாதிப்பா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பச்சிளம் சிசுவுக்கு ஊசியும் பரிசோதனையும் வீணாகப் பெருகும். புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைப்பவர்கள், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாவது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவ நெறி.

இத்தனையும் படித்துவிட்டு மாத்திரையை இன்றே தூக்கிப்போட நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது: கூடவே கூடாது. மாதக்கணக்கில் பென்சோடயசெபின் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட வேகமாகத் திரும்பும்; வலிப்புகூட வரலாம். கர்ப்பத்தில் வலிப்பு தாயையும் சிசுவையும் சேர்த்தே தாக்கும். வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் மேற்பார்வையில் குறைப்பதே வழி. பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டி நெறி, கடுமையான பதற்றத்துக்குக் குறுகிய காலம் தருவதைத் தவிர, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் பென்சோடயசெபின் தர வேண்டாம் என்கிறது. எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் படிப்படியாக நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்வதும் அதே நெறிதான்.

செரோட்டோனின் மருந்துகளின் கதை வேறு. 2005-இல் பராக்செடின் பற்றி, இதயக் குறை வரலாம் என்ற எச்சரிக்கை வந்தது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களுக்கு அதைப் புதிதாகத் தொடங்குவதை இன்றும் தவிர்க்கிறார்கள். 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அலசிய ஆய்வு வந்தது. தாயின் மனச்சோர்வையும் மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, இந்த மருந்துகளால் இதயக் குறை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பிறந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய் விரியாமல் குழந்தை மூச்சுத்திணறும் ஆபத்தான நிலை, பொதுவாக 1,000-இல் இரண்டு குழந்தைகளுக்கு வரும்; கடைசி மாதங்களில் இம்மருந்து எடுத்தவர்களிடம் அது மூன்று அளவில். பிறந்த முதல் சில நாள் நடுக்கமும் சிணுங்கலும் பால் குடிப்பதில் தடுமாற்றமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

இணையத்தில் தேடி, ‘இந்த மருந்து சி வகை, அது டி வகை’ என்று பயந்து வருபவர்கள் ஏராளம். அந்த எழுத்து வகைப்பாட்டை 1979-இல் கொண்டுவந்த அமெரிக்காவே, அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று 2015-இல் கைவிடத் தொடங்கிவிட்டது.

தராசின் இன்னொரு தட்டில் நோய் இருக்கிறது. வைத்தியம் இல்லாத கடும் பதற்றத்துக்கும் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு. பிரிட்டனில் பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நேரும் தாய் மரணங்களில் தற்கொலை முன்னணிக் காரணமாக இருப்பதை அங்கே நடக்கும் மரண ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்கின்றன. குழந்தைக்காக மருந்தை விட்ட தாய் குழந்தைக்கே இல்லாமல் போவதைவிடப் பெரிய பக்கவிளைவு எது?

பிரசவத்துக்குப் பின் கேள்வி மாறுகிறது: பால் கொடுக்கலாமா? பலர் இங்கேதான் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் அளவோடு ஒப்பிட்டால் பாலில் போவது மிகக் குறைவு. தாய் எடுக்கும் அளவில், எடைக் கணக்குப்படி 10 சதவீதத்துக்குக் கீழே குழந்தைக்குப் போனால் பொதுவாக ஏற்கலாம் என்பது மருத்துவர்களின் அளவுகோல். செர்ட்ரலின் அதில் வெகு கீழே இருக்கிறது; பால் கொடுக்கும் தாய்க்கு டாக்டர்கள் முதலில் அதை நாடுவது அதனால்தான். ஃபுளுவாக்செடின் உடம்பில் அதிக நாள் தங்குவதால் பிறந்த சிசுவுக்குச் சற்று யோசிப்பார்கள். ஏற்கனவே அதில்தான் நலமாக இருக்கிறார் என்றால், பாலுக்காக மட்டும் மாற்றிவிடுவதும் இல்லை.

பென்சோடயசெபின்களில் டயசெபாம் போன்ற நீண்ட நேரம் தங்குபவை குழந்தையிடம் சேர்ந்துகொண்டே போகும். கட்டாயம் என்றால் லோராசெபாம் போன்றதைக் குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்குத் தருவார்கள். கனடாவின் டொராண்டோவில், இவற்றை எடுத்தபடி பால் கொடுத்த 124 தாய்மாரிடம் விசாரித்து 2012-இல் வெளியான ஆய்வில், இரண்டு குழந்தைகளிடம் மட்டுமே அசாதாரண மயக்க நிலை தெரிந்தது. ஆகவே பாலைப் பிழிந்து கொட்டிவிட்டுப் பால்பவுடருக்குத் தாவ வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பார்க்க வேண்டியது குழந்தையை: பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறதா, உறிஞ்சும் வேகம் குறைந்ததா, எடை ஏறுகிறதா. குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். முக்கியமாக ஒன்று: தூக்கம் தரும் மாத்திரை எடுக்கும் நாட்களில் தாய் குழந்தையைத் தன்னோடு அணைத்துப் படுக்க வைக்கக் கூடாது. நம் வீடுகளில் அதுவே வழக்கம் என்பதால், பாட்டியோ கணவரோ அந்த இரவுகளில் குழந்தையைப் பக்கத்தில் தனிப் படுக்கையில் கிடத்திப் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று அமுக்கரா சூரணத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. அமுக்கராவும் மருந்துதான், கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். இயற்கை என்ற சொல் சிசுவுக்குக் காப்பு ஆகாது.

அல்பிரசோலமும் டயசெபாமும் இந்தியாவில் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் விவரத்தை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய சீட்டைக் காட்டியோ, தெரிந்த கடை என்றோ வாங்கித் தரும் உறவினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தைக்குத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது உத்தமம். சேர்க்கை மாத்திரையை ஒற்றை மருந்தாக்கவும், பென்சோடயசெபினை நிதானமாகக் குறைக்கவும் அப்போது அவகாசம் இருக்கும். லேசான, நடுத்தரப் பதற்றத்துக்கு எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சு சிகிச்சையே முதல் வைத்தியம். மருந்து தேவை என்றால், நோயை அடக்கப் போதுமான அளவு வேண்டும். பயந்து அரை டோஸ் எடுத்தால் குழந்தைக்கு மருந்தும் போகும், தாய்க்கு நோயும் தீராது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு இருக்கிறது. நடு இரவில் நெஞ்சு அடைக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண் எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கர்ப்பகாலப் பதிவு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.