யாளிக்கு ஒரு சீட்டு

குழந்தைகள் விளையாட்டின் மூலமாகவே பாடம் கற்க வேண்டும் என்று உபதேசிக்காத கல்வி நிபுணர் இன்று இல்லை. அந்த உபதேசத்தைச் சிரமேற்கொண்டு, ஆம்பூர்க் கடைத்தெருவிலே பிராணிச் சீட்டுக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தேன். விளையாட்டு மிக எளியது. ஒருவர் சீட்டை எடுத்துப் படத்தை மறைத்துக்கொண்டு, அப்பிராணி எங்கே வசிக்கிறது, எதை உண்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

யானை வந்தது, கரடி வந்தது, முதலை வந்தது. அடுத்தாற்போல் வெள்ளை வெளேரென்று ஒரு குதிரை வந்தது. அதன் நெற்றியிலே ஒற்றைக் கொம்பு! சீட்டை எடுத்த பையன், "நெற்றியிலே ஒரு கொம்பு இருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள், "யூனிகார்ன்!" என்று வகுப்பு முழுவதும் கூவிற்று.

"அது எங்கே வசிக்கிறது?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டிலே, சார்!" என்று பதில் வந்தது. மணி அடித்துவிட்டது, நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு சிறுமி தன் கையால் வரைந்த சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை, பிதுங்கிய விழிகள். சாட்சாத் யாளி! "வேலூர்க் கோட்டைக் கோயில் தூணிலே இருக்குது, சார். எங்க ஆயா காட்டினாங்க. அந்தக் காலத்துக் காட்டிலே இருந்துச்சாம்" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் புன்னகை செய்துவிட்டேன். "இது பிராணி விளையாட்டம்மா, கதை விளையாட்டல்ல" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் அந்தப் பெண் அதன் பிறகு ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

என் பிழை எனக்குப் புரிய அத்தனை நாளாயிற்று. கொம்புக் குதிரையும் கற்பனை, யாளியும் கற்பனை. ஆனால் ஒன்று வழவழப்பான அட்டையில் அச்சாகி வந்ததால் மெய்யாயிற்று. மற்றொன்று ஓர் ஆயா சொன்னதால் பொய்யாயிற்று. இவ்வளவுதான் நான் கற்பித்த விலங்கியல்!

இத்தகைய சங்கடம் ஒரு பெரிய மேதைக்கும் நேர்ந்தது. உயிர்களை வகைப்படுத்தும் முறையை உலகுக்குத் தந்தவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். 1735-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'இயற்கையின் ஒழுங்கு' என்ற நூலில், மெய்யான விலங்குகளுக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் கொம்பனும் பீனிக்ஸ் பறவையும் டிராகனும் இடம் பெற்றன. ஆனால் அவற்றுக்குத் தனித் தலைப்பு ஒன்றைக் கொடுத்து, ஐயத்துக்குரியவை என்று பிரித்து வைத்தார். ஆராய்ந்து தள்ளுவதற்காகவே அவற்றை அழைத்து வந்தார் எனலாம். 1748-ல் வந்த ஆறாம் பதிப்பில் அந்தத் தலைப்பே இல்லை.

அதே 1735-ல் ஹாம்பர்க் நகரில், ஏழு தலை நாகம் ஒன்றின் பாடம் செய்த உடலை அவருக்குக் காட்டினார்கள். பெருந்தொகை விலை பேசப்பட்டுவந்த பொருள் அது. லின்னேயஸ் அதன் தாடைகளையும் பாதங்களையும் உற்றுப் பார்த்தார். அவை மரநாயைப் போன்ற வீஸல் என்னும் சிறு பிராணியினுடையவை. மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள். குட்டு வெளிப்பட்டது.

இதற்கு மாறான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வாத்தின் அலகும் உரோம உடலும் கொண்ட தோல் ஒன்று லண்டனுக்கு வந்து சேர்ந்தது. 1799-ல் அதை வருணித்த ஜார்ஜ் ஷா, இதுவும் ஒட்டுவேலையோ என்று ஐயுற்றார். ஆராய்ந்ததில் ஒட்டு ஏதும் அகப்படவில்லை. பிளாட்டிபஸ் என்ற அந்தப் பிராணி இன்றும் அங்கே ஆறுகளில் நீந்திக்கொண்டிருக்கிறது!

இவ்விரு கதைகளையும் வகுப்பிலே சொன்னேன். ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? வீட்டுக்கு ஒருவராவது தோல் ஷாப்பிலோ செருப்புத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் ஊர் இது. "தையலைப் பார்த்தா தெரிஞ்சிடும், சார்" என்றான் ஒருவன். "அப்படியானால் இந்த இரண்டு சீட்டிலும் தையல் எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று குதிரையையும் யாளியையும் அருகருகே வைத்தேன்.

குதிரையில் ஒரே தையல்தான்: நெற்றிக் கொம்பு. ஐரோப்பாவில் ஒற்றைக் கொம்பனின் கொம்பு என்று கொள்ளை விலைக்கு விற்கப்பட்டது, உண்மையில் வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கிலத்தின் நீண்ட பல் என்று சொன்னேன். யாளியின் தையல்களை அந்தச் சிறுமியே எழுந்து வந்து காட்டினாள். உடல் சிங்கம், துதிக்கை யானை என்று விரல் வைத்துச் சொல்லி வந்தவள், "யானையை நல்லாப் பார்த்தவங்கதான் இதைச் செதுக்கியிருப்பாங்க, சார்" என்று முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் கட்டில் யாளிக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை எடுப்பவர் வசிக்கும் இடம் சொல்ல வேண்டியதில்லை; எந்த எந்தப் பிராணியிலிருந்து எதை எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். கொம்புக் குதிரைக்கும் அதே சட்டந்தான். பெற்றோர்கள் தம் வீட்டுச் சீட்டுக் கட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். கற்பனைப் பிராணியைக் கிழித்தெறிய வேண்டாம். அச்சில் வந்ததையும் ஆயா சொன்னதையும் ஒரே கண்ணால் பார்க்கக் குழந்தைக்குப் பழக்கினால் போதும்.

அந்தப் பெண் இப்போது மறுபடியும் கை தூக்குகிறாள்.