மாவுக்கு ஐஸ் எதற்கு?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்த பேக்கரியிலும் நிற்க இடம் கிடைக்காது. தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பூஜை முடிந்ததும் பொரி கடலையோடு கொடுக்க, இனிப்பும் காரமும் பெட்டி பெட்டியாகப் போகும். அந்த நெரிசலுக்கு நடுவே, உள்ளே மாஸ்டர் பன்னுக்கு மாவு போடுவதை எட்டிப் பாருங்கள். மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் எல்லாம் மிஷினில் விழும். பிறகு அவர் ஊற்றும் தண்ணீரில் ஐஸ் கட்டிகள் மிதக்கும்!

காரணம் ஈஸ்ட். அது கண்ணுக்குத் தெரியாத, ஒரே செல் கொண்ட பூஞ்சை. சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். மைதாவிலுள்ள குளூட்டன் இழுபடும் தன்மை கொண்டது. அது வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு உப்புகிறது. சர்க்கரையை நொதிக்க வைப்பது உயிருள்ள ஈஸ்ட்தான் என்று லூயி பாஸ்டர் 1857-ல் எடுத்துச் சொன்னார்.

ஓரளவு வரை, ஈஸ்ட்டுக்குச் சூடு ஏற ஏற வேகம் கூடும். நம் ஊரில் அக்டோபரிலும் பகலில் 30 டிகிரி தாண்டும். மிஷின் சுற்றும்போது உரசலால் மாவு இன்னும் சூடாகும். அப்படியே விட்டால் மாவு அவசரமாகப் பொங்கி, அமுங்கி, புளித்த வாடை அடிக்கும். அதைத் தடுக்கத்தான் ஐஸ்.

இதே பருவத்தில் ஜெர்மனியிலும் ஒரு விழா உண்டு. பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிறன்று அறுவடைக்கு நன்றி சொல்வார்கள். கோதுமைக் கதிர்க்கட்டு வடிவில் ரொட்டி சுட்டு தேவாலயத்தில் வைப்பதும் உண்டு. அங்கே அப்போது குளிர் தொடங்கிவிடும். அதனால் மாவை வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். அங்குள்ளவர்கள் விரும்பிச் சாப்பிடும் கறுப்பு ரொட்டி, ரை என்ற தானியத்தில் செய்வது. ரை மாவைப் புளிக்க வைக்காமல் சுட்டால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைப் புளிப்பு அடக்குவதால் ரொட்டி நன்றாக வரும். அந்தப் புளிப்பைத் தருபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். நம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்! இரண்டு தேசத்துச் சமையலறைகளிலும் ஒரே வகை உயிர்கள் வேலை செய்வது எனக்கு எப்போதும் வியப்பு.

சரி, தெருமுனை வரை வரும் அந்த வாசம்? அடுப்பின் சூடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். பன்னுக்குள் ஈரம் இருப்பதால் அங்கே 100 டிகிரியைத் தாண்டாது. மேல்தோல் மட்டும் காய்ந்து மேலும் சூடேறும். அப்போது சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் வாசமும் பிறக்கின்றன. இந்த வினையை 1912-ல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மெய்யார். பன்மீது பால் தடவினால் நிறம் கூடுவதும் இதனால்தான். ஜெர்மனியில் பிரெட்செல் என்ற முறுக்கிய ரொட்டியைச் சுடுமுன் காரக் (ஆல்கலி) கரைசலில் முக்குவார்கள். காரம் இந்த வினையை விரைவுபடுத்துவதால் தோல் செம்பழுப்பாகும். அந்தக் கரைசல் கைத்தோலைப் பொசுக்கிவிடும், பழகியவர்கள்தான் தொட வேண்டும்.

நீங்கள் செய்ய வேறொன்று இருக்கிறது. இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு ஈஸ்ட்டும் சர்க்கரையும் போடுங்கள். ஒன்றில் ஐஸ் தண்ணீர், மற்றதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாட்டில்களின் வாயில் பலூன் மாட்டுங்கள். எது முதலில் உப்பும் என்று முன்பே நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருங்கள்.