பாரத்திற்கேற்ற டயர்

விளைந்த காய்கறி, இளநீர், வாழைத்தார் முதலியவற்றைச் சொந்த வண்டியிலேயே சென்னைக்குக் கொண்டுவரும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். கோயம்பேடு சந்தைக்கும், கோபாலபுரம், மயிலாப்பூர் பகுதிக் கடைகளுக்கும் காலையில் சேர வேண்டிய சரக்கு, நடுவழியில் டயர் வெடித்தால் வெயிலில் வாடிப்போகும். உயிருக்கும் ஆபத்து. ஆகவே டயர் மாற்றும்போது அளவை மட்டும் பார்த்தால் போதாது. அது தாங்கும் பாரத்தையும் பார்க்க வேண்டும்.

டயரில் உள்ள எண்

டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். உதாரணமாக, '195 ஆர் 15 எல்டி 106/104' என்பதில் 106, 104 என்பவை சுமைக் குறியீடுகள். முதல் எண் ஒற்றைச் சக்கரத்திற்கும், இரண்டாவது எண் இரட்டைச் சக்கரத்திற்கும் உரியது. இந்த எண்கள் கிலோவைக் குறிப்பவை அல்ல. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 100 என்றால் 800. 102 என்றால் 850. 104 என்றால் 900. 106 என்றால் 950 கிலோ.

'8 பிஆர்' என்றிருந்தால் எட்டு அடுக்கு நூல் உள்ளது என்று பொருளல்ல. பருத்தி நூல் டயர்க் காலத்தில் வந்த அந்தக் கணக்கு, இன்று டயரின் பலத்தை மட்டுமே காட்டுகிறது.

கணக்கிடும் முறை

வெறும் வண்டி 1,300 கிலோ என்று கொள்வோம். 25 கிலோ தக்காளிப் பெட்டிகள் 48 ஏற்றினால் 1,200 கிலோ. ஆக மொத்தம் 2,500 கிலோ. இதை நான்கால் வகுப்பது தவறு. பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சில்தான் விழும். சரக்கேற்றிய வண்டியின் பின் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் நிறுத்தி எடை போட்டால் சரியான கணக்குத் தெரியும். அது 1,700 கிலோ என்றால் ஒரு சக்கரத்திற்கு 850 கிலோ. 102 எண் டயர் இதற்குச் சரியாக இருந்தாலும், பள்ளம் மேடுகளை எண்ணி 104 அல்லது 106 வாங்குவது நலம். விலை குறைவென்று 95 எண்ணுள்ள கார் டயரைப் போட்டால், ஒவ்வொரு டயரும் 160 கிலோ அதிகம் சுமக்க நேரும்.

காற்றும் முக்கியம்

உரிய காற்று இருந்தால்தான் டயர் அந்தப் பாரத்தைத் தாங்கும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி விரியும், சூடேறி வெடிக்கும். கோடையில் காற்றைக் குறைத்து வைக்கும் வழக்கம் தவறானது. காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை

பலமான டயர் போட்டுவிட்டோம் என்று கூடுதலாகப் பாரம் ஏற்றக் கூடாது. அச்சு, பட்டை, பிரேக் ஆகியவற்றின் பலம் பழையபடியேதான் இருக்கும். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையே எல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, அளவுக்கு மீறிய பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

டயர் வாங்கப் போகுமுன் பின் அச்சின் எடையைச் சீட்டில் குறித்து, கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரே அச்சில் இரண்டு டயர்களும் ஒரே வகையாக இருக்கட்டும்.