பலாலி முதல் செம்பாக்கம் வரை



யாழ்ப்பாணத்திலிருந்து நம்மிடம் வரும் நோயாளிகளின் பிரயாணத்துக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையைக் குறித்து ஒரு கேள்வி வந்தது. “ஒரு மணி நேர விமானந்தானே, தங்கும் செலவு ஏன்?” நியாயமான கேள்வி.

தூரம் உண்மையிலேயே குறைவு. பலாலியும் மீனம்பாக்கமும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியே இருக்கின்றன. ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்று என்றே சொல்லலாம். இடையே சுமார் 3.2 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 355 கிலோமீட்டர். இந்த மார்க்கத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். கணக்குப்படி முக்கால் மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து, மேலேறி, இறங்கும் முறைக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றேகால் மணியை ஒட்டி ஆகும்.

1836-ல் டாக்டர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாண ஊழியத்தை விட்டுச் சென்னைக்கு வந்தார். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேத்தி. ஆகவே இந்த வழி மிஷன் மருத்துவத்துக்குப் பழைய வழி. ஆனால் போர் அதை அடைத்துப்போட்டது. கட்டுநாயக்காவுக்குத் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகப் போய், அங்கிருந்து சென்னைக்கு 650 கிலோமீட்டர் பறந்து வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்! 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சேவை தொடங்கியது. 2020-ல் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் வந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனாலும் நோயாளியின் பிரயாணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. வெளிநாட்டு விமானமானபடியால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இங்கே இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல், பிறகு ஜி.எஸ்.டி. சாலை. மாலையில் குரோம்பேட்டையைத் தாண்டியவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அன்றைக்கே ஒருவரைப் பரிசோதனை மேஜையில் படுக்க வைப்பது சரியல்ல என்பது எங்கள் டாக்டர்களின் எண்ணம். டயாலிசிஸ் செய்துகொள்பவராயின் பிரயாண நாளையே முன்கூட்டிக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

திரும்பிப் போகையில் கவனம் இன்னும் அதிகம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. கடும் இரத்தசோகையோ நுரையீரல் வியாதியோ உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம். நெஞ்சறைக்குள் காற்று தேங்கியிருந்தால் அது மேலே விரியும்; அப்படிப்பட்டவரைக் குணமாகும்வரை நாங்கள் விமானமேற அனுப்புவதில்லை. பிரயாணத்துக்கு முந்தின நாள் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார். நீங்கள் கேட்ட தங்கும் செலவு, வந்த இரவுக்கும் அந்த இரவுக்குமானது.

சக்கர நாற்காலி தேவைப்படுவோருக்கு டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடும்படி குடும்பத்தாருக்கு எழுதுகிறோம். இப்பிரயாணிகளை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.